புதுக்கோட்டைக்கு டிராம் வருமா?

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்து எல்லைக்குக் கொஞ்சம் தள்ளி, பெசான்சோன் என்றோர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 1.17 லட்சம். 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகையும் அதே அளவுதான். அந்தப் பிரெஞ்சு ஊரில் 2014 ஆகஸ்ட் கடைசியில் டிராம் ஓட ஆரம்பித்தது. பதினான்கரை கிலோமீட்டர் தடம், 31 நிறுத்தங்கள், 19 வண்டிகள். ஒரு முனைக்கு அருகே பெரிய மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும். நடுவில் ஆற்றைக் கடந்து, பழைய ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது.

நமக்கும் 2017ல் முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2024ல் நகராட்சி மாநகராட்சியாகிவிட்டது. திருக்கோகர்ணத்தில் ஏறி, புதிய பேருந்து நிலையம், ராஜ வீதிகள் எல்லாம் தாண்டி, தஞ்சாவூர் சாலையில் முள்ளூரில் போய் இறங்குகிற மாதிரி ஒரு டிராம் ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரே அளவுள்ள இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு முடிந்தது மற்றதற்கு முடியாதா? நியாயமான கேள்விதான். ஆனால் டிராம் எதைத் தரும், பதிலுக்கு எதைக் கேட்கும் என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

நம்மில் பலருக்கு டிராம் என்றால் ‘மதராசபட்டினம்’ படத்தில் மணியடித்துக்கொண்டு ஊர்ந்து போகும் மரப்பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும். இன்றைய டிராம் வேறு ஜாதி. இருபத்துமூன்று மீட்டரிலிருந்து நாற்பத்தைந்து மீட்டர் வரை நீளம். மூன்று, ஐந்து, ஏழு என்று பெட்டிகளை ரப்பர் மடிப்புகளால் இணைத்து ஒரே வண்டியாக்கியிருப்பார்கள். முன்முனையிலிருந்து பின்முனை வரை உள்ளேயே நடந்து போகலாம். மேலே ஒற்றைக் கம்பி, பெரும்பாலும் 750 வோல்ட் நேர்மின்சாரம். கீழே இரும்புச் சக்கரம். சாலையில் ஓடும் ரயில் என்று சொன்னால் பாதி சரி. ரயிலுக்குக் கேட் போட்டு ஜனங்களை நிறுத்துகிறோம். டிராம் ஜனங்களுக்கு நடுவிலேயே ஓடும். ஓட்டுநர் கண்ணால் பார்த்து, பஸ் டிரைவர் மாதிரியே ஓட்டுவார், பிரேக் பிடிப்பார்.

தண்டவாளமும் வேறு. ரயில் தண்டவாளம் ஜல்லிக்கு மேலே தூக்கி நிற்கும். டிராம் தண்டவாளத்தைக் கான்கிரீட் படுகைக்குள் பதித்து, அதன் தலை சாலையோடு சாலையாக இருக்கும்படி மூடிவிடுவார்கள். குனிந்து பார்த்தால் தண்டவாளத்தின் தலையிலேயே ஒரு பள்ளம் ஓடுவது தெரியும். அகலம் நான்கு சென்டிமீட்டர் அளவுதான். சக்கரத்தின் உள்விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும். மேலே ஆட்டோ போகலாம், ஆள் நடக்கலாம், மாடுகூடக் கடக்கலாம். சைக்கிள் மட்டும் ஜாக்கிரதையாகக் கடக்க வேண்டும். சைக்கிள் டயரின் அகலமும் அந்தப் பள்ளத்தின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. தண்டவாளத்தை ஒட்டியே ஓட்டிப்போய் மெல்லத் திருப்பினால் முன்சக்கரம் உள்ளே மாட்டிக்கொண்டு ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். டிராம் ஓடும் ஊர்களில் இது தினசரி விபத்து. தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்று அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. இங்கே தடம் போடுகிறவர்கள் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது சைக்கிள் கடக்கும் இடங்களைத்தான்.

இவ்வளவு சிரமப்பட்டு இரும்பைப் பதித்து என்ன லாபம்? வேகம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஊருக்குள் டிராமின் சராசரி வேகம் மணிக்கு 18, 20 கிலோமீட்டர். டிவிஎஸ் எக்ஸ்எல் அதை முந்திவிடும். லாபம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஏறுவது. நம் டவுன் பஸ்ஸில் கைப்பிடியைப் பிடித்து, முழங்காலை உயர்த்தி, உயரமான படிகளில் ஏற வேண்டும். தலையில் கூடையோடு வரும் பூக்காரம்மா முதலில் கூடையை உள்ளே ஏற்றிவிட்டு அப்புறம் தான் ஏறுகிறார். பின்னால் நிற்கிறவர்கள் காத்திருக்கிறார்கள், பஸ்ஸே காத்திருக்கிறது. டிராமில் தரையின் உயரம் முப்பது, முப்பத்தைந்து சென்டிமீட்டர்தான். நிறுத்தத்து மேடையும் அதே உயரம். வாசலுக்கும் மேடைக்கும் இடையே விரல் கனம் இடைவெளி. சக்கர நாற்காலி தானாக உருண்டு உள்ளே போகும். நான்கைந்து அகலக் கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கும். டிக்கெட்டை மேடையிலேயே வாங்கிவிடுவார்கள். இருபது நொடியில் முப்பது பேர் ஏறி இறங்கிவிடலாம்.

இரண்டாவது லாபம் நம்பிக்கை. ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஆறு நிமிடத்துக்கு ஒன்று வரும். கால அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம். இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்த்தால், அதில் இரும்புக்கும் மின்சாரத்துக்கும் பங்கு குறைவு. சாலையில் டிராமுக்கென்று தனி இடம் விட்டிருக்கிறார்கள், சிக்னலில் அதற்கு முதல் வழி கொடுக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான். டிராம் நெருங்குவதைத் தரைக்குள் இருக்கும் உணரி கண்டுகொள்ளும், சந்திப்பில் பச்சை விழும், மற்றவர்கள் நிற்பார்கள்.

தனி இடம் இல்லாமல் டிராம் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கொல்கத்தா சாட்சி. 1873ல் குதிரை இழுத்த டிராம் அங்கே வந்தது. 1902ல் மின்சாரத்துக்கு மாறியது. ஆசியாவில் இன்னும் உயிரோடு இருக்கும் மிகப் பழைய டிராம் அதுதான். ஆனால் பல தடங்களில் தண்டவாளத்தின் மேலேயே காரும் லாரியும் ஆட்டோவும் ஓடின. பஸ்ஸாவது நின்றுபோன வண்டியைச் சுற்றிக்கொண்டு போகும். டிராமுக்கு விலகத் தெரியாது. முன்னால் ஒரு தள்ளுவண்டி நின்றால் பின்னால் மொத்த வரிசையும் நின்றது. டிராம் வழிமறிக்கிறது என்று பழி போட்டார்கள். உண்மையில் வழிமறிக்கப்பட்டது டிராம்தான். 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு, எஸ்பிளனேடு – மைதானம் பகுதியில் பாரம்பரியச் சின்னமாக ஒரு சிறு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்தது.

டொரண்டோவில் இதே நோய்க்கு மருந்து போட்டுப் பார்த்தார்கள். நம் ஈழத்து உறவுகள் நிறைய வாழும் ஊர் அது. அங்கே கிங் தெருவில் காரோடு முட்டிமோதிக்கொண்டு ஓடிய டிராம் நடையை விட மெதுவாகப் போகிறது என்று கேலி பேசிய காலம் உண்டு. 2017 நவம்பரில் மாநகராட்சி ஒரு சோதனை செய்தது. புதிய தண்டவாளம் இல்லை, புதிய வண்டி இல்லை. நகர மையத்தில் கார்கள் அந்தத் தெருவில் நேராகப் போகக் கூடாது, ஒரு சந்திப்பு தாண்டியதும் வலப்பக்கம் திரும்பி வெளியேற வேண்டும் என்று விதி மட்டும் போட்டார்கள். வேலைநாள் பயணிகள் எண்ணிக்கை 72,000லிருந்து 84,000 ஆனது. 2019ல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். கடைக்காரர்கள் கடைசிவரை எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார் நிறுத்த இடம் போனால் வியாபாரம் போகும் என்ற பயம் எந்த ஊர் வியாபாரிக்கும் பொதுவானது.

கீழ ராஜ வீதியில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் டூவீலர்கள் வரிசைகட்டி நிற்கும். அதற்கு வெளியே ஒரு லோடு ஆட்டோ பாத்திரக்கடைக்கு அட்டைப்பெட்டி இறக்கிக்கொண்டிருக்கும். மீதி இருக்கும் நடுப்பகுதியில் கார், ஷேர் ஆட்டோ, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரட்டைத் தடம் டிராமுக்கு ஆறரை, ஏழு மீட்டர் அகலம் வேண்டும். நிறுத்தம் இருக்கும் இடத்தில் மேடைக்கு இன்னும் மூன்று மீட்டர். அந்த இடத்தை யாரிடமிருந்து எடுப்பது? டிராம் திட்டத்தின் முதல் கேள்வி இதுதான். பணம் இதற்குப் பிறகுதான் வரும். நிற்கும் வண்டிகளிடமிருந்து எடுப்போம் என்று சொல்லும் துணிச்சல் இல்லாத ஊர், எத்தனை கோடி கொட்டினாலும் கொல்கத்தா மாதிரிதான் ஓட்டும்.

புதுக்கோட்டையின் தெருக்களில் ஒரு வசதியும் ஒரு வம்பும் உண்டு. சமஸ்தானக் காலத்தில் திட்டம் போட்டு அமைத்த ஊர். 1878ல் திவானான சேஷய்யா சாஸ்திரி காலத்தில் செப்பனிட்டுப் பெரிதாக்கினார்கள். நான்கு ராஜ வீதிகளும் அவற்றுக்கு இணையான தெருக்களும் சதுரங்கக் கட்டம் போல நேராக ஓடுகின்றன. நேர்த்தெரு டிராமுக்கு வரம். ஆனால் கட்டத்தின் மூலைகள் எல்லாம் செங்கோணம். டிராம் திரும்புவதற்குக் குறைந்தது இருபது, இருபத்தைந்து மீட்டர் ஆரமுள்ள வளைவு வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கடையையாவது சீவ வேண்டியிருக்கும். அல்லது மூலையே இல்லாதபடி ஊருக்கு வெளியே சுற்றிப் போக வேண்டும். அப்படிப் போனால் கடைத்தெருவுக்கு வருகிறவர்களுக்கு அது உதவாது.

இன்னொரு சங்கடம் தேர். திருவப்பூர் மாரியம்மன் கோயில் தேரோ திருக்கோகர்ணத்துத் தேரோ ஓடும் நாளில் மின்வாரிய ஊழியர்கள் முன்னால் போய்க் கம்பிகளைக் கழற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். டிராம் கம்பி தரையிலிருந்து ஐந்தரை, ஆறு மீட்டர் உயரத்தில் தடம் முழுக்க இறுக்கி இழுத்துக் கட்டியது. அதை நினைத்தபோது கழற்றிவிட முடியாது. கம்பியே இல்லாமல் ஓட்ட முடியுமா என்றால், முடியும். நம் மெட்ராஸ் அதை முயன்று பார்த்திருக்கிறது.

1895 மே 7 அன்று சென்னையில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவிலேயே முதல் மின் டிராம். லண்டன் தெருக்களில் வழக்கமான மின் டிராம் சேவை வந்தது 1901ல்தான். மெட்ராஸ் டிராமின் தொடக்கத்தில் மேலே கம்பி கிடையாது. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு நீண்ட கால்வாய், அதற்குள் மின்கம்பி, வண்டியின் அடியிலிருந்து ஒரு கை அதற்குள் நீண்டு மின்சாரம் எடுக்கும். பார்க்க அழகான ஏற்பாடு. ஐப்பசி மழை வந்தது, கால்வாயில் தண்ணீர் நின்றது, வண்டியும் நின்றது. சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் மேல்கம்பிக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் துறைமுகம், மவுண்ட் ரோடு, மயிலாப்பூர் என்று ஓடி, உச்சக்கட்டத்தில் 24 கிலோமீட்டர் தடத்தில் 97 வண்டிகள் வரை இருந்தன. பஸ்ஸின் போட்டியும் நஷ்டமும் சேர்ந்து 1953 ஏப்ரலில் மூடிவிட்டன. மெட்ராஸை முடக்கிய அதே சிக்கலை 2003ல் பிரான்ஸின் போர்தோ நகரம் வேறு விதமாகத் தீர்த்தது. தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பட்டை. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, டிராம் நேர் மேலே நிற்கும் துண்டுக்கு மட்டும் மின்சாரம் பாய்ச்சினார்கள். வண்டி நகர்ந்ததும் அந்தத் துண்டு செத்துவிடும். மேலே குழந்தை நடக்கலாம். தொடக்கத்தில் அங்கேயும் நிறைய மக்கர் செய்தது, பிறகு சரியானது. 2007ல் நீஸ் நகரம் தன் பழைய சதுக்கங்களைப் பேட்டரியிலேயே கடக்கும் டிராமை ஓட்டியது. ஆக, தேர் ஓடும் தெருக்களைப் பேட்டரியில் கடந்துவிடலாம். காசு மட்டும் கூடுதலாகும்.

தடம் போடும் வேலையில் வெளியே தெரியாத பெரிய செலவு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. டிராம் ஓடும் பாதைக்குக் கீழே குடிநீர்க் குழாயோ பாதாளச் சாக்கடையோ இருக்கக் கூடாது. குழாய் உடைந்தால் சாலையைத் தோண்ட வேண்டும். தோண்டினால் டிராம் நிற்கும். அதனால் முதலில் எல்லாவற்றையும் பக்கவாட்டில் நகர்த்துவார்கள். எங்கே எது ஓடுகிறது என்ற சரியான வரைபடம் எந்தப் பழைய ஊரிலும் கிடையாது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ இதில் மாட்டிக்கொண்டு பட்ட பாடு பிரசித்தம். 54.5 கோடி பவுண்டில் முடிப்போம் என்று தொடங்கினார்கள். தோண்டத் தோண்டக் கணக்கில் இல்லாத குழாய்களும் கேபிள்களும் வந்தன. ஒப்பந்தக்காரரோடு தகராறு முற்றி வேலை நின்றது. தலைநகரின் முக்கியக் கடைவீதி ஆண்டுக்கணக்கில் குழியாகக் கிடந்தது. 2014 மே மாதம் திறந்தபோது செலவு 77.6 கோடி பவுண்டு. தடமோ முதலில் சொன்னதைவிடக் குறைவு. பெரிய விசாரணையே வைத்து, 2023ல் அறிக்கை வந்தது.

அதே 2014ல்தான் பெசான்சோனும் திறந்தது. சொன்ன தேதிக்கு முன்னதாகவே, சொன்ன செலவை ஒட்டி. எப்படி? ஆடம்பரத்தை வெட்டினார்கள். மற்ற பிரெஞ்சு ஊர்கள் முப்பது, நாற்பது மீட்டர் வண்டி வாங்கும்போது இவர்கள் 132 பேர் ஏறும் 23 மீட்டர் வண்டி வாங்கினார்கள். தேவைப்பட்டால் பிறகு பெட்டி சேர்த்துக்கொள்ளலாம் என்று மேடைகளை மட்டும் அதற்குத் தோதாகக் கட்டினார்கள். அலங்காரக் கல்பாவல், பெயர்பெற்ற சிற்பிகளின் நிறுத்தங்கள் எல்லாம் வேண்டாம் என்றார்கள். கிலோமீட்டருக்கு 1.75 கோடி யூரோ அளவில் முடித்தார்கள். பிரான்ஸில் அது சிக்கனத்துக்கு உதாரணம்.

அந்தச் சிக்கன விலையே நம் கணக்கில் கிலோமீட்டருக்கு 150 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. இங்கே கூலி குறைவு என்று எவ்வளவு கழித்தாலும், திருக்கோகர்ணம் – முள்ளூர் மாதிரி ஒரு பத்துக் கிலோமீட்டர் தடத்துக்கு ஆயிரம் கோடிக்குக் குறையாது என்பது என் கணிப்பு. ஒரு கிலோமீட்டர் தடத்தின் காசில் கிட்டத்தட்ட நூறு மின்சாரப் பேருந்துகள் வாங்கிவிடலாம். டிராம் வண்டி முப்பது, நாற்பது வருடம் உழைக்கும், பஸ் பன்னிரண்டு, பதினைந்து வருடத்தில் கண்டமாகிவிடும் என்பது உண்மைதான். அதையும் கணக்கில் சேர்த்தாலும் இடைவெளி பெரிது.

பிரான்ஸில் இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இரண்டு ஊர்களையும் பிரிக்கும் இடம். அங்கே குறைந்தது பதினோரு பேரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், மொத்தச் சம்பளத் தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கை அந்த வட்டாரப் போக்குவரத்துக்கென்றே வரியாகக் கட்டுகிறது. அந்த வரி ஆண்டுதோறும் வரும் என்ற நம்பிக்கையில் நகராட்சி கடன் வாங்குகிறது, தடம் போடுகிறது. நம் மாநகராட்சிக்கு வருவது சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, அரசு தரும் நிதி. டவுன் பஸ் ஓட்டுவது மாநகராட்சியே அல்ல, அரசுப் போக்குவரத்துக் கழகம். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, சிக்னல் போலீஸுடையது. பெசான்சோனில் இவை ஏறக்குறைய ஒரே மேசைக்கு வருகின்றன.

மத்திய அரசின் பக்கம் கைநீட்டலாமா? 2017ன் மெட்ரோ ரயில் கொள்கை இருபது லட்சம் மக்கள்தொகையை அளவுகோலாக வைத்திருக்கிறது. கோயம்புத்தூரின் 39 கிலோமீட்டர், 10,740 கோடி ரூபாய்த் திட்டமும், மதுரையின் 32 கிலோமீட்டர், 11,340 கோடி ரூபாய்த் திட்டமும் அந்தக் காரணத்தைச் சொல்லியே 2025 நவம்பரில் திரும்பி வந்தன. 2011 கணக்கை வைத்து 2025ல் அளப்பது சரியா என்று தமிழ்நாடு கேட்டது; நியாயமான கேள்வி. எப்படியிருந்தாலும் புதுக்கோட்டைக்கு மெட்ரோ என்ற பேச்சுக்கே இடமில்லை. சின்ன ஊர்களுக்காக 2019ல் மத்திய அரசு ‘மெட்ரோலைட்’ என்று ஒரு வகைக்கு விவரக்குறிப்பு வெளியிட்டது. பெயர்தான் புதிது, அது தனிப் பாதையில் ஓடும் டிராமேதான். மணிக்கு ஒரு திசையில் 15,000 பேர் வரை ஏற்றும் தடங்களுக்கு என்று வகுத்திருக்கிறார்கள்.

அந்த ‘மணிக்கு ஒரு திசையில்’ என்ற அளவுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கணக்கு. போட்டுப் பார்ப்போம். நம் டவுன் பஸ்ஸில் நெருக்கியடிக்காமல் அறுபது பேர். மூன்று நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டால் மணிக்கு இருபது பஸ், 1,200 பேர். பெசான்சோன் டிராம் 132 பேர். ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்குப் பத்து, 1,320 பேர். இரண்டும் ஒன்றுதான். ஒரு தடத்தில் மணிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேருக்கு மேல் ஏறும்போதுதான், பஸ்ஸுக்குப் பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கும்போதுதான், டிராம் தன் செலவுக்கு நியாயம் சொல்லும். புதுக்கோட்டையில் எந்தத் தடத்திலாவது அவ்வளவு கூட்டம் இருக்கிறதா? காலை எட்டரைக்கு அரசு மகளிர் கலைக் கல்லூரிப் பக்கம் போகும் பஸ் பிதுங்கி வழிகிறது என்பது உண்மை. ஆனால் அது அந்த அரை மணி நேரத்துக்கு நான்கு பஸ் கூடுதலாக விட்டால் தீரும் பிரச்சினை.

இன்னொன்றும் இருக்கிறது. புதுக்கோட்டைக்குள் நடக்கும் பயணங்களில் பெரும்பகுதி புதுக்கோட்டையில் தொடங்குவதில்லை. ஆலங்குடி, கீரனூர், இலுப்பூர், திருமயம், கந்தர்வகோட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள்தான் பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் மருத்துவமனையையும் கலெக்டர் அலுவலகத்தையும் நிரப்புகிறார்கள். அவர்களுக்கு ஒரே பஸ்ஸில் வந்து ஊர் நடுவில் இறங்குவதுதான் வசதி. டிராம் என்று வந்தால் ஊர் எல்லையில் இறங்கி வண்டி மாறச் சொல்வோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த இலவசம் டிராமிலும் தொடருமா என்பதுதான் ஆலங்குடியிலிருந்து பையோடு வரும் அம்மாவின் முதல் கேள்வியாக இருக்கும்.

எனவே ஊருக்குள் டிராம் என்பதற்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். ஆனால் தண்டவாளம் என்ற பேச்சை அத்தோடு விட்டுவிட மனமில்லை. ஏனென்றால் இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே தண்டவாளம் இருக்கிறது. திருச்சி – புதுக்கோட்டை ரயில்பாதை 1929ல் திறந்தது. மறு ஆண்டு மானாமதுரை வரை நீண்டது. இன்று அகலப்பாதை, மின்மயமும் ஆகிவிட்டது. ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், வழியில் கீரனூர். ஆனால் அந்த இரும்பின் மேல் நாள் முழுக்க ஓடும் ரயில்களை எண்ணிவிடலாம். பக்கத்துச் சாலையில் திருச்சிக்குப் பஸ் மேல் பஸ்ஸாகப் பறக்கிறது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரம் இப்படி அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பாதையை வைத்து வித்தை காட்டியது. 1992ல் தன் டிராமை ஊர்த் தெருவிலிருந்து நேராக ரயில்பாதையில் ஏற்றி, பிரெட்டன் என்ற சிற்றூர் வரை விட்டது. தெருவில் 750 வோல்ட் நேர்மின்சாரம், ரயில்பாதையில் 15,000 வோல்ட் மாறுமின்சாரம், இரண்டிலும் ஓடும் வண்டி. ரயில் நிலையத்தில் இறங்கி டிராமுக்கு மாறும் தொல்லை போனதும் பயணிகள் பல மடங்கு பெருகினார்கள். நமக்கு அதை அப்படியே செய்ய முடியாது. அங்கே டிராமுக்கும் ரயிலுக்கும் ஒரே அகலம், 1,435 மில்லிமீட்டர். நம் ரயில் 1,676. அந்த அகலத்துக்கு டிராம் எந்தக் கடையிலும் தயாராகக் கிடைக்காது. ஒற்றைப் பாதை என்பதால் எதிர்வண்டிக்கு நிறுத்தங்களில் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் வண்டியைத் தெருவில் ஏற்றாமலே அந்த யோசனையின் பாதியைச் செய்யலாம். திருச்சி – புதுக்கோட்டை – காரைக்குடிக்கு நிற்கும் இடமெல்லாம் நின்று போகும் எட்டுப் பெட்டி மின்ரயில், காலையும் மாலையும் மணிக்கு ஒன்று. ரயில் வரும் நேரத்துக்கு நிலைய வாசலிலேயே மினி பஸ். தண்டவாளம், மின்கம்பி, நிலையம் எல்லாம் இருக்கின்றன. வேண்டியது கூடுதல் ரயில்களும் சில இடங்களில் கடக்கும் பாதையும்.

ஊருக்குள்ளும் டிராமின் நல்ல குணங்களை மட்டும் பிய்த்து எடுத்து பஸ்ஸுக்குக் கொடுக்கலாம். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. தரை 40 சென்டிமீட்டர் உயரம். நிறுத்த மேடையை அந்த உயரத்துக்கு ஒட்டிக் கட்டினால் பூக்காரம்மா கூடையை இறக்காமலே ஏறுவார். கீழ ராஜ வீதியில் காலை, மாலை நேரங்களில் ஒரு பக்கத்து டூவீலர் நிறுத்தத்தைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினாலே பஸ்ஸுக்கு வழி கிடைக்கும். டொரண்டோ செய்தது ஏறக்குறைய இதைத்தான்.

தஞ்சாவூர் சாலையும் திருச்சி சாலையும் இன்னும் விரியப்போகின்றன. அகலப்படுத்த ஒப்பந்தம் போடும்போது நடுவில் ஏழு மீட்டரைக் கோடு போட்டு பஸ்ஸுக்கென்று ஒதுக்கச் சொல்லலாம். குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் கேபிளையும் அந்த ஏழு மீட்டருக்கு வெளியே பதிக்கச் சொல்லி, பதித்த இடத்தின் வரைபடத்தை மாநகராட்சியில் பத்திரமாக வைக்கச் சொல்லலாம். எப்படியும் தோண்டத்தான் போகிறார்கள். இரண்டு மீட்டர் தள்ளித் தோண்டுவதற்குப் பெரிய கூடுதல் செலவு கிடையாது. இருபது வருடம் கழித்து அந்தத் தடத்தில் மணிக்கு மூவாயிரம் பேர் ஏறினால் தண்டவாளத்தைப் பதிக்க இடம் தயாராக இருக்கும். ஏறாவிட்டால் பஸ் அதே வழியில் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.